நகர்த்தல் பத்திரம் கையில் வந்தால்: திருகோணமலையில் வழக்குக்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நிலாவெளியிலுள்ள எனது காணியின் எல்லை தொடர்பாக மாவட்ட நீதிமன்றத்தில் என்மீது வழக்குத் தொடரப்பட்டபோது, சட்டத்தரணியை அமர்த்தியாயிற்று, இனி எல்லாவற்றையும் அவர் பார்த்துக்கொள்வார் என்று எண்ணி நான் என் வேலையைப் பார்க்கப் போய்விட்டேன். வழக்காளியின் பக்கத்தில் தாக்கல் செய்யப்பட்ட ஒரேயொரு தாளினால் தவணை, அதாவது வழக்கு எடுக்கப்படும் நாள், இரண்டு மாதம் முன்னுக்குக் கொண்டுவரப்பட்டது. அந்த நாளில் எனக்காக எவரும் தோன்றவில்லை. வழக்கு ஒருதலைப்பட்சமாக விளங்கப்பட்டு முடிந்ததும், நீதிமன்ற ஆவணங்களை வீடுகளில் கொண்டுவந்து சேர்ப்பிக்கும் பிஸ்கால் உத்தியோகத்தர் தீர்ப்பாணையைக் கொண்டுவந்து கையில் தந்தபோதுதான் எனக்குத் தெரியவந்தது. அந்த ஒரு தாளின் பெயர் நகர்த்தல் பத்திரம். நீதிமன்ற வளாகத்தில் அதை எல்லோரும் மோஷன் என்பார்கள்.

அதன்பின் வழக்கை மீண்டும் திறப்பிப்பதற்கு நான் பட்ட பாட்டில் கற்றுக்கொண்டவற்றை இங்கே ஒழுங்குபடுத்தித் தருகிறேன். உங்கள் சட்டத்தரணி சொல்வதற்கு மேலாக இதை வைத்துக்கொள்ள வேண்டாம். அவரிடம் எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்வதற்காக வாசியுங்கள். நான் சொல்வது பெரும்பாலும் மாவட்ட நீதிமன்றத்துக் குடியியல் வழக்குகளைப் பற்றியது. காணித் தகராறுகளில் நீதவான் நீதிமன்றத்துக்கும் போக நேரிடுவதால், அதைப் பற்றியும் ஓரிடத்தில் குறிப்பிட்டிருக்கிறேன்.

1. வழக்கு இலக்கத்தையும் உங்கள் இடத்தையும் எழுதிவையுங்கள்

எந்த நீதிமன்றம், வழக்கு இலக்கம் என்ன, நீங்கள் வழக்காளியா எதிராளியா, எதிராளிகள் பலர் இருந்தால் எத்தனையாவது எதிராளி ஆகிய நான்கையும் ஒரு கொப்பியின் முதற்பக்கத்தில் எழுதுங்கள். திருகோணமலையிலும் மூதூரிலும் நீதிமன்றங்கள் இருப்பதாலும், ஒரே வளாகத்தில் மாவட்ட நீதிமன்றம், நீதவான் நீதிமன்றம், மேல் நீதிமன்றம் என்று வெவ்வேறு பதிவகங்கள் இயங்குவதாலும், இலக்கம் தெரியாமல் போனால் ஒரு காலைப்பொழுது முழுவதும் யன்னலுக்கு யன்னல் அலைவதிலேயே போய்விடும். மனு வகை நடவடிக்கைகளில் வழக்காளி, எதிராளி என்ற பெயர்கள் மனுதாரர், எதிர்மனுதாரர் என்று மாறும். வழக்கில் எதிராளியாக இருக்கும் நீங்களே ஒரு மனுவைத் தாக்கல் செய்தால், தாளின் தலைப்பில் ‘எதிராளி – மனுதாரர்’ என்று இரண்டு பெயர்களும் சேர்ந்து வரும். புதிதாக ஒரு வழக்குத் தொடங்கிவிட்டது என்று நான் அதைப் பார்த்துப் பயந்தேன். அப்படி எதுவும் இல்லை.

2. கையிலிருக்கும் தாள் எந்த வகையானது என்று கண்டுபிடியுங்கள்

சட்டத்தரணிகள் நீதிமன்றத்திடம் விடுக்கும் கோரிக்கைகள் எல்லாம் ஒன்றுபோலவே தோன்றும். தலைப்பில் நீதிமன்றத்தின் பெயர், அதன் கீழ் தரப்பினரின் பெயர்கள், அடியில் கையொப்பமும் திகதியும் இருக்கும். வேறுபாடு உள்ளே இருக்கிறது. உங்களுக்குச் சொல்லப்பட்ட சொல் எது என்பதைக் கவனமாகக் கேளுங்கள், ஏனெனில் ஒன்றைக் கொடுக்க வேண்டிய இடத்தில் மற்றொன்றைக் கொடுத்தால் நாள் போய்விடும்.

நகர்த்தல் பத்திரம் என்பது, நடந்துகொண்டிருக்கும் வழக்கின் இடையில் எழும் சிறு தேவை ஒன்றுக்காக நீதிமன்றத்திடம் எழுத்தில் கொடுக்கும் கோரிக்கை. குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 91 ஆம் பிரிவு இதற்கு வழிசெய்கிறது. வழக்கின் வழக்கமான படிமுறையில் சேராத எந்த விண்ணப்பத்தையும் தரப்பினரோ அவரது சட்டத்தரணியோ முன்வைக்கும்போது, அதன் சுருக்கத்தை எழுத்தில் நீதிமன்றத்துக்குக் கொடுக்க வேண்டும் என்பதே அதன் சாரம். தவணையை முன்னுக்கோ பின்னுக்கோ மாற்றுதல், நில அளவையாளருக்கு ஆணை அனுப்பும்படி கேட்டல், சாட்சிக்கு அழைப்பாணை எடுத்தல், நீதிமன்றத்தில் வைப்புச் செய்த பணத்தை மீளப்பெறுதல் போன்றவை பெரும்பாலும் இதன் மூலமே நடக்கின்றன. இது ஒரு பக்கம் அல்லது இரண்டு பக்கத்துக்குள் அடங்கும். சட்டத்தரணியே கையொப்பமிடுவார்; உங்கள் கையொப்பம் தேவைப்படாது. ஆபத்தும் அதிலேயே இருக்கிறது. உங்கள் பெயரில் எத்தனை நகர்த்தல் பத்திரங்கள் போயின என்பது நீங்கள் கேட்டால் தவிர உங்களுக்குத் தெரியாது.

மனு என்பது அதைவிடக் கனமானது. என்ன நடந்தது என்பதை இலக்கமிட்ட பந்திகளில் சொல்லி, முடிவில் என்ன நிவாரணம் வேண்டும் என்று கேட்பது அது. நீதிபதி ஓர் உண்மையை நம்பித்தான் கட்டளை பிறப்பிக்க வேண்டியிருந்தால், அந்த உண்மைக்குச் சத்தியம் செய்தவர் ஒருவர் வேண்டும் அல்லவா? ஆகவே மனுவோடு சத்தியக்கடதாசி இணைந்து வரும். தடைக்கட்டளை கேட்பது, தவறவிட்ட தவணையால் வந்த தீர்ப்பாணையை நீக்கக் கேட்பது, வழக்கின் நடுவே இறந்துபோன தரப்பினரின் இடத்துக்கு வேறொருவரைச் சேர்க்கக் கேட்பது ஆகியவை இந்த வகையைச் சேர்ந்தவை.

இவை இரண்டையும் குழப்பிக்கொண்டதுதான் எனது இரண்டாவது தவறு. தீர்ப்பாணை கைக்கு வந்ததும் மருத்துவச் சான்றிதழ் ஒன்றை இணைத்து, வழக்கை மீண்டும் அழைக்கும்படி ஒரு நகர்த்தல் பத்திரம் கொடுத்தால் போதும் என்று பழக்கமான ஒருவர் சொன்னதை நம்பினேன். ஒருதலைப்பட்சத் தீர்ப்பாணையை நீக்கும் விண்ணப்பம் சத்தியக்கடதாசியால் ஆதரிக்கப்பட்ட மனுவாகத்தான் இருக்க வேண்டும் என்று 86 ஆம் பிரிவு சொல்கிறது என்று எதிர்த்தரப்பு எழுந்து சொன்னபோது எங்களிடம் பதில் இருக்கவில்லை.

வழக்காளி தன் வழக்கைச் சொல்லும் வழக்குரை, அதற்கு எதிராளி கொடுக்கும் மறுமொழி ஆகியவற்றை மேலே சொன்னவற்றோடு சேர்க்க வேண்டாம். அவை வழக்கின் முதுகெலும்பு. அவற்றில் இல்லாத ஒன்றைப் பின்னர் ஒரு நகர்த்தல் பத்திரத்தால் நுழைத்துவிட முடியாது. திருத்த வேண்டுமானால் தனியே அனுமதி கேட்க வேண்டும், சாட்சிகளை விசாரிக்கும் கட்டமான விளக்கம் நெருங்க நெருங்க அந்த அனுமதி கிடைப்பது கடினமாகும்.

3. கடைசிப் பந்தியை முதலில் வாசியுங்கள்

எந்தத் தாளாக இருந்தாலும் அதன் உயிர் வேண்டுதல் பகுதியில் இருக்கிறது. ‘ஆகவே கனம் நீதிமன்றம்’ என்று தொடங்கி அ, ஆ, இ என்று பிரிந்து நிற்கும் வரிகளை முதலில் வாசித்து, ஒவ்வொன்றையும் உங்கள் சொந்தச் சொற்களில் ஒரு வாக்கியமாக எழுதிப்பாருங்கள். எழுத முடியவில்லை என்றால் அந்த வரி உங்களுக்கு விளங்கவில்லை என்று பொருள். அதைச் சட்டத்தரணியிடம் கேளுங்கள்.

நகர்த்தல் பத்திரத்தில் மூன்று சொற்களைத் தேடிப் பாருங்கள். முதலாவது ‘அறிவித்தலுடன்’ என்பது. எதிர்த்தரப்பின் சட்டத்தரணிக்குப் பிரதி கொடுத்துவிட்டே இது தாக்கலாகிறது என்பதை அது குறிக்கும். அடியில் அவரது அலுவலகம் பெற்றுக்கொண்டதற்கான ஒப்பமோ, பதிவுத் தபால் சிட்டையோ இருக்க வேண்டும். இரண்டாவது ‘சம்மதத்துடன்’ என்பது. இரு தரப்புச் சட்டத்தரணிகளும் ஒப்பமிட்டு ஒரே கோரிக்கையை வைத்திருக்கிறார்கள் என்பது அதன் பொருள். உங்கள் பக்கத்திலிருந்து அப்படி ஒன்று போகுமானால், எதற்குச் சம்மதிக்கிறீர்கள் என்பதை உங்கள் சட்டத்தரணி ஒப்பமிடுவதற்கு முன்பே கேட்டறிந்துகொள்ளுங்கள், ஏனெனில் நீதிமன்றத்தில் பதிவான சம்மதத்தைப் பின்னர் விலக்கிக்கொள்வது மிகக் கடினம். மூன்றாவது திகதி. நகர்த்தல் பத்திரத்தில் வரும் திகதிகள் இரண்டு. ஒன்று அந்த நகர்த்தல் பத்திரத்தின்மீது வழக்கு அழைக்கப்படும் நாள். மற்றது அதில் கேட்கப்படும் புதிய தவணை நாள். நாங்கள் இரண்டாவது திகதியை மட்டும் பார்ப்போம். முதலாவது நாளில் எவரும் எழுந்து ஆட்சேபிக்காவிட்டால், இரண்டாவது நாள் தானாகவே உறுதியாகிவிடும்.

4. புரொக்சி கொடுத்தபின் வீட்டு வாசலுக்கு எதுவும் வராது

வழக்கின் தொடக்கத்தில் சட்டத்தரணியின் அலுவலகத்தில் ஓர் அச்சடித்த படிவத்தில் ஒப்பமிட்டிருப்பீர்கள். சட்டத்தரணியை நியமிக்கும் அந்தப் பத்திரத்தை எல்லோரும் புரொக்சி என்பார்கள். அது நீதிமன்றத்தில் தாக்கலானதும் அவர் உங்கள் பதிவுபெற்ற சட்டத்தரணி ஆகிறார். அதன்பின் இரண்டு விடயங்கள் மாறுகின்றன. இவற்றை எனக்கு எவரும் சொல்லவில்லை.

முதலாவது, வழக்குத் தொடர்பான அறிவித்தல்களை உங்கள் சட்டத்தரணியிடம் கொடுத்தால் உங்களிடமே கொடுத்ததாகச் சட்டம் கருதும். முதல் அழைப்பாணை வீட்டுக்கு வந்தது என்பதற்காக அடுத்தவையும் வீட்டுக்கு வரும் என்று காத்திருக்க வேண்டாம். என் வழக்கில் நகர்த்தல் பத்திரத்தின் பிரதி உரிய முறைப்படி என் சட்டத்தரணியின் அலுவலகத்துக்குப் போயிருந்தது. அங்கிருந்து என்னைத் தொலைபேசியில் அழைத்திருக்கிறார்கள். நானோ அதற்குள் இலக்கத்தை மாற்றியிருந்தேன்; சொல்லவில்லை. குற்றத்தை நான் வேறெங்கே போய்ச் சுமத்துவது?

இரண்டாவது, புரொக்சி கோவையில் இருக்கும்வரை, நீங்கள் நேரே போய் ஒரு கடிதத்தையோ விண்ணப்பத்தையோ தாக்கல் செய்ய முடியாது. எல்லாம் அவர் ஒப்பத்துடன்தான் போக வேண்டும். மேன்முறையீட்டு அறிவித்தலும் அப்படித்தான். விளக்க நாளில் எழுந்து வாதாடுபவர் வேறொரு சட்டத்தரணியாக இருக்கலாம். மூத்த சட்டத்தரணி ஒருவரை அதற்காக அமர்த்துவது வழக்கம். ஆனால் அவர் உங்கள் பதிவுபெற்ற சட்டத்தரணி அல்லர். தாள்களில் ஒப்பமிடுபவர் யார், வாதாடுபவர் யார் என்பதைத் தனித்தனியாகத் தெரிந்துவைத்திருங்கள்.

சட்டத்தரணியை மாற்ற விரும்பினால், புதியவரிடம் போய் இன்னொரு புரொக்சியில் ஒப்பமிட்டுவிடுவதால் மாற்றம் நடந்துவிடாது. பழையவருக்கு எழுத்தில் அறிவித்து, நீதிமன்றத்தின் அனுமதியுடன் பழைய புரொக்சியை இரத்துச் செய்ய வேண்டும். ஒரு கோவையில் இரண்டு புரொக்சிகள் கிடந்தால் அதற்குப்பின் நீங்கள் கொடுத்த ஒவ்வொரு தாளின் செல்லுபடியும் கேள்விக்குள்ளாகும். பழையவர் தாமாகவே ஒப்பமிட்டு விடுவித்தால் வேலை சுலபம். மரியாதையாகப் போய்க் கேட்டு, கொடுக்க வேண்டிய கட்டணத்தைக் கொடுத்து முடித்துவிடுங்கள்.

5. சத்தியக்கடதாசியில் ஒப்பமிடும் முன் வாசியுங்கள்

இதை நான் சற்று நீட்டிச் சொல்லப் போகிறேன், ஏனெனில் மனுக்கள் கவிழ்வது பெரும்பாலும் இங்கேதான். சத்தியக்கடதாசி என்பது நீங்கள் சாட்சிக்கூண்டில் ஏறிச் சொல்ல வேண்டியதைக் காகிதத்தில் சொல்வது. உங்களுக்கு நேரடியாகத் தெரிந்தவற்றைத்தான் அதில் சொல்லலாம். வழக்கின் இடையில் எழும் விண்ணப்பங்களில் மட்டும், நீங்கள் நம்புகின்ற ஒன்றை, அந்த நம்பிக்கைக்கான காரணத்தையும் சேர்த்துச் சொல்ல இடமுண்டு. ‘அயலவர் சொன்னார்’ என்பதை உங்கள் அறிவாக எழுதியிருந்தால், குறுக்கு விசாரணையில் அது உங்களைக் கடிக்கும். அந்த அயலவரிடமிருந்தே தனிச் சத்தியக்கடதாசி எடுப்பது நல்லது.

கிறிஸ்தவர்கள் சத்தியம் செய்கிறார்கள். இந்துக்களும் இஸ்லாமியரும் பௌத்தரும் உறுதியுரைக்கிறார்கள். தொடக்க வரியில் எது இருக்கிறதோ அதுவே கடைசியில், சமாதான நீதவானோ சத்தியப்பிரமாண ஆணையாளரோ ஒப்பமிடும் பகுதியிலும் இருக்க வேண்டும். கணினியில் பழைய கோவையைத் திறந்து பெயரை மட்டும் மாற்றித் தட்டச்சுச் செய்யும் இடங்களில் இந்தப் பகுதி முன்னைய கட்சிக்காரரின் மதத்தோடு அப்படியே நின்றுவிடுவதுண்டு. சிறிய எழுத்துப் பிழை என்று நினைக்க வேண்டாம்; எதிர்த்தரப்பின் முதல் ஆட்சேபனை அங்கிருந்துதான் புறப்படும்.

அந்தப் பகுதியில் இடமும் திகதியும் எழுதப்பட்டிருக்க வேண்டும். ஒப்பத்தை அவர் முன்னிலையில்தான் இட வேண்டும். வீட்டில் ஒப்பமிட்டுப் பிள்ளையிடம் கொடுத்தனுப்பி முத்திரை குத்துவிக்கும் பழக்கம் ஊரில் இருக்கிறது. அன்றைய நாள் நீங்கள் கொழும்பில் நின்றதாக எதிர்த்தரப்பு நிரூபித்தால் மனுவும் போய், உங்கள் சொல்லின் மதிப்பும் போய்விடும். உங்கள் வழக்கில் உங்களுக்காக நிற்கும் சட்டத்தரணியே ஆணையாளராக இருந்து உங்கள் சத்தியக்கடதாசியை அத்தாட்சிப்படுத்தக் கூடாது, வேறொருவரிடம் போங்கள். அது உங்களுக்குத் தெரியாத மொழியில் எழுதப்பட்டிருந்தால், வாசித்து விளக்கப்பட்டது என்ற குறிப்பு இருக்க வேண்டும்.

இணைக்கும் ஆவணங்கள் ஒவ்வொன்றுக்கும் எ1, எ2 என்று குறியீடு இடப்பட்டு, அதே குறியீடு சத்தியக்கடதாசியின் பந்தியிலும் சொல்லப்பட்டிருக்கிறதா என்று ஒன்றொன்றாக ஒத்துப்பாருங்கள். இதைச் செய்ய அரைமணி நேரம் போதும், அதுவும் வீட்டு மேசையிலேயே.

6. மொழியைப் பற்றி

அரசியலமைப்பின் 24 ஆம் உறுப்புரையின்படி, தமிழ் நிர்வாக மொழியாக உள்ள பகுதிகளைத் தவிர்ந்த ஏனைய இடங்களில் நீதிமன்றப் பதிவுகளும் நடவடிக்கைகளும் சிங்களத்தில் நடக்கும். கிழக்கு மாகாணம் தமிழ் நிர்வாக மொழியாக உள்ள பகுதி என்பதால் திருகோணமலையில் வழக்கின் பதிவுகள் தமிழில் நடக்கும். எனினும் நீங்கள் பெறும் தாள் ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ இருக்க வாய்ப்புண்டு. விளங்காவிட்டால் வெட்கப்படாமல் சட்டத்தரணியிடம் மொழிபெயர்த்துச் சொல்லும்படி கேளுங்கள். திறந்த நீதிமன்றத்தில் மொழி விளங்காத தரப்பினர் மொழிபெயர்ப்பைக் கோருவது உரிமை. பழைய உறுதிகளை, அதாவது காணி உரிமைப் பத்திரங்களை, சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் மூலம் மொழிபெயர்ப்பித்து இணைக்க நேரிடலாம். அதற்குச் சில நாட்கள் எடுக்கும் என்பதால் தவணைக்கு முதல்வாரத்தில் ஓட வேண்டாம்.

7. நாட்களை எண்ணும் முறை

இந்தப் பகுதியை இரண்டு முறை வாசியுங்கள்.

தவறவிட்டதால் எதிராளிக்கு எதிராக வந்த ஒருதலைப்பட்சத் தீர்ப்பாணை உங்கள் கையில் சேர்ந்தால், அன்றிலிருந்து 14 நாட்களுக்குள் மனுவும் சத்தியக்கடதாசியும் தாக்கலாக வேண்டும். தவறியதற்கு நியாயமான காரணம் இருந்தது என்று நீதிமன்றம் திருப்திப்பட்டால், வழக்குச் செலவு போன்ற நிபந்தனைகளோடு தீர்ப்பாணை நீக்கப்படும். எனக்கு முதல் ஐந்து நாட்கள் கோபத்திலும், அடுத்த நான்கு நாட்கள் மேலே சொன்ன தவறான நகர்த்தல் பத்திரத்திலும் போயின. பன்னிரண்டாம் நாள்தான் உரிய மனு தாக்கலானது. பிஸ்கால் உத்தியோகத்தர் ஆவணத்தைத் தரும்போது நீங்கள் ஒப்பமிடும் இடத்தில் அன்றைய திகதியை உங்கள் கையாலேயே எழுதுங்கள், உங்கள் பிரதியிலும் எழுதுங்கள். வழக்காளி வராததால் வழக்குத் தள்ளுபடியானால், நியாயமான காலத்துக்குள் மனுவும் சத்தியக்கடதாசியும் கொடுத்து அதை நீக்கக் கேட்கலாம். நாட்கணக்கு குறிப்பிடப்படவில்லை என்பதற்காக மாதக்கணக்கில் இழுக்க வேண்டாம்.

தீர்ப்புக்கு எதிராக மேன்முறையீடு செய்வதானால், மேன்முறையீட்டு அறிவித்தலை 14 நாட்களுக்குள்ளும், மேன்முறையீட்டு மனுவைத் தீர்ப்புத் திகதியிலிருந்து 60 நாட்களுக்குள்ளும் கொடுக்க வேண்டும். அறிவித்தலுக்கான 14 நாட்களை எண்ணும்போது தீர்ப்பு நாள், தாக்கல் செய்யும் நாள், ஞாயிற்றுக்கிழமைகள், பொது விடுமுறைகள் ஆகியன விலக்கப்படும். இந்தச் சலுகையை ஒருதலைப்பட்சத் தீர்ப்பாணைக்கான 14 நாட்களுக்கும் போட்டுக் கணக்குப் பார்த்து ஏமாற வேண்டாம். அங்கே சட்டம் அப்படிச் சொல்லவில்லை.

உங்கள் காணியில் மறுதரப்பு வேலி போடுவதையோ மதில் கட்டுவதையோ உடனே நிறுத்த வேண்டுமானால், தடைக்கட்டளை கேட்டு மனு கொடுப்பார்கள். மறுதரப்புக்கு அறிவித்தல் போய்ச் சேரும்வரை பொறுக்க முடியாத நிலையில், முதலில் 14 நாட்களுக்கு மேற்படாத இடைக்கால உத்தரவு ஒன்று கிடைக்கலாம். காரணம் காட்டி அதை மேலும் 14 நாட்களுக்கு மேற்படாத காலங்களாக நீடிக்கலாம். நீடிக்கும்படி கேட்பது உங்கள் தரப்பின் பொறுப்பு. காலாவதியான உத்தரவைப் பிடித்துக்கொண்டு பொலிஸ் நிலையத்துக்குப் போனால் அவர்கள் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

காணித் தகராறு சமாதானக் குலைவுக்கு இட்டுச்செல்லும் என்று பொலிஸார் நீதவான் நீதிமன்றத்தில் அறிக்கையிட்டால், அது 1979 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66 ஆம் பிரிவின் கீழ் நடக்கும். ‘66 வழக்கு’ என்று சொல்வது இதைத்தான். இங்கே சாட்சிகளை விட, தரப்பினர் கொடுக்கும் சத்தியக்கடதாசிகளையும் ஆவணங்களையும் வைத்தே பெரும்பாலும் தீர்மானிக்கப்படுகிறது. முதல் தோற்றத்திலிருந்து மூன்று வாரங்களுக்கு மேற்படாத ஒரு நாளில் சத்தியக்கடதாசியும், அதன்பின் இரண்டு வாரங்களுக்கு மேற்படாத ஒரு நாளில் மறுத்துரைக்கும் சத்தியக்கடதாசியும் கேட்கப்படும். உறுதி யாருடையது என்பதல்ல இங்கே கேள்வி. அறிக்கை தாக்கலான நாளில் உடைமையில் இருந்தவர் யார், அதற்கு முன்னைய இரண்டு மாதங்களுக்குள் எவராவது பலவந்தமாக வெளியேற்றப்பட்டாரா என்பதே கேள்வி. ஆகவே உறுதிகளைக் கட்டுக்கட்டாகக் கொண்டுபோவதை விட, அண்மைய மாதங்களின் மின்பட்டியல், நீர்ப்பட்டியல், கிராம உத்தியோகத்தரின் கடிதம், தேங்காய் பறித்தவரின் சத்தியக்கடதாசி ஆகியவற்றைத் தேடுங்கள்.

8. ஆவணக் கோவையை வீட்டிலேயே தயாராக வைத்திருங்கள்

காணி வழக்கானால் உறுதியின் பிரதி, காணிப் பதிவகத்திலிருந்து பெற்ற சான்றுப்படுத்திய பிரதி, நில அளவைப் படம் ஆகியன வேண்டும். அரச காணியானால் அனுமதிப்பத்திரமும் பிரதேச செயலகத்தின் கடிதங்களும் வேண்டும். தவணை தவறியதற்குக் காரணம் காட்டுவதானால் நோயென்றால் வைத்தியரின் சான்றிதழும் மருந்துச் சிட்டையும், பயணமென்றால் கடவுச்சீட்டின் பக்கங்களும் பயணச்சீட்டும் தேவை. மருத்துவச் சான்றிதழில் வழக்கு நாள் உள்ளடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். முதல்நாள் வரை ஓய்வு என்று எழுதிய சான்றிதழால் எந்தப் பயனுமில்லை. தரப்பினர் ஒருவர் இறந்திருந்தால் மரணச் சான்றிதழையும் வாரிசுகளின் பிறப்புச் சான்றிதழ்களையும் உடனே எடுங்கள், ஏனெனில் அவருடைய இடம் நிரப்பப்படாமல் வழக்கு நகராது. உறவினர் எல்லோரும் ஒத்துக்கொள்ளட்டும் என்று காத்திருந்தவர்களின் வழக்குகள் வருடக்கணக்கில் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன்.

மூலப்பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு பிரதியைக் கொடுங்கள். மூலத்தைக் கொடுத்தே ஆக வேண்டுமானால், கொடுத்த திகதியோடு ஒரு பட்டியலில் சட்டத்தரணி அலுவலகத்தின் ஒப்பத்தைப் பெறுங்கள்.

9. செலவை முன்பே பிரித்துக் கேளுங்கள்

சட்டத்தரணியின் கட்டணத்துக்கு ஒரே விலை கிடையாது. எனவே முழுத்தொகையைக் கேட்பதை விட, ஒவ்வொன்றாகக் கேளுங்கள். தவணைக்குத் தோன்றுவதற்கு எவ்வளவு, நகர்த்தல் பத்திரத்துக்குத் தனியாக எவ்வளவு, மனுவும் சத்தியக்கடதாசியும் வரைவதற்கு எவ்வளவு, தட்டச்சும் முத்திரையும் பதிவுத் தபாலும் அதில் அடங்குமா, மூத்த சட்டத்தரணியை அழைத்தால் அவருக்கு வேறாகவா என்று கேட்டு, பதிலைக் கொப்பியில் எழுதுங்கள். எனக்கு அந்த ஒருதலைப்பட்சத் தீர்ப்பாணையை நீக்குவதற்கான மனுவுக்கு, அதற்கு முன் வழக்குக்கு ஆன மொத்தச் செலவையும் விட அதிகமாக முடிந்தது. அதோடு நீதிமன்றம் மறுதரப்புக்குக் கட்டச் சொன்ன வழக்குச் செலவும் சேர்ந்தது. நில அளவையாளருக்கான ஆணையைக் கேட்பவர் அதன் கட்டணத்தை வைப்புச் செய்ய வேண்டும். பணம் கட்டாததால் ஆணை போகாமல், அதற்காகவே ஒரு தவணை வீணாவது அடிக்கடி நடக்கிறது. வசதியற்றவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் திருகோணமலை நிலையத்துக்குப் போய் விசாரிக்கலாம். தேசிய அடையாள அட்டை, வருமானம் பற்றிக் கிராம உத்தியோகத்தர் தந்த கடிதம், வழக்கில் இதுவரை கிடைத்த தாள்கள் எல்லாவற்றையும் எடுத்துச் செல்லுங்கள்.

10. நகர்த்தல் பத்திரம் அழைக்கப்படும் நாளில்

காலை 9 மணிக்கு முன்னரே போய்விடுங்கள். கிண்ணியாவிலிருந்தோ குச்சவெளியிலிருந்தோ பேருந்தில் வருபவர்கள் ஒரு பேருந்து முந்திப் புறப்படுவது நல்லது. பெயர் கூப்பிடும்போது எழுந்து முன்னே வாருங்கள், சட்டத்தரணி பேசட்டும். நீதிபதி கேட்டாலொழிய நடுவில் பேச வேண்டாம். நகர்த்தல் பத்திரங்கள் சில நிமிடத்துக்குள் முடிந்துவிடும். சட்டத்தரணிகள் தங்களுக்குள் சொல்லும் இரண்டு வார்த்தைகளும், நீதிபதியின் ஒரு வரியும் காதில் விழுவதற்குள் அடுத்த வழக்கின் இலக்கம் கூப்பிடப்படும். ஆகவே வெளியே வந்ததும், என்ன கட்டளை வந்தது, அடுத்த தவணை எப்போது, அது எதற்கான தவணை என்று மூன்றையும் சட்டத்தரணியிடம் அல்லது அவருடைய எழுதுநரிடம் கேட்டு அந்த இடத்திலேயே எழுதுங்கள். அழைப்பதற்கு, ஆட்சேபனைக்கு, விசாரணைக்கு, விளக்கத்துக்கு என்று தவணைகள் வேறுபடும். அழைப்பதற்கான தவணையில் நீங்கள் இல்லாவிட்டாலும் சட்டத்தரணி சமாளிக்கலாம். விளக்கத் தவணையில் நீங்களும் சாட்சிகளும் நிற்க வேண்டும்.

11. வழக்கேட்டுக் குறிப்பின் பிரதியை எடுங்கள்

ஒவ்வொரு வழக்குக்கும் நீதிமன்றம் ஒரு நாட்குறிப்பை வைத்திருக்கிறது. எந்த நாளில் என்ன தாக்கலானது, யார் தோன்றினார், என்ன கட்டளை என்பது திகதிவாரியாக அதில் பதிவாகும். என்னுடைய தீர்ப்பாணையின் கதையை நான் முழுதாகப் புரிந்துகொண்டது அதிலிருந்துதான். அறிவித்தல் போன திகதி, வழக்கு அழைக்கப்பட்ட நாள், எவரும் தோன்றவில்லை என்ற வரி எல்லாம் அங்கே இருந்தன. பதிவகத்தில் விண்ணப்பித்து, உரிய கட்டணத்தைச் செலுத்தி, சான்றுப்படுத்திய பிரதியைப் பெறலாம். தட்டச்சுக்கும் ஒத்துப்பார்ப்பதற்கும் நாள் எடுக்கும்; அவசரமென்றால் காரணத்தை எழுதி நகர்த்தல் பத்திரம் மூலம் கேட்கும்படி சட்டத்தரணியிடம் சொல்லுங்கள். பிரதி கிடைத்ததும் உங்கள் கொப்பியில் எழுதிய திகதிகளை அதோடு ஒத்துப்பாருங்கள். வேறுபாடு இருந்தால் நீதிமன்றப் பதிவே நிற்கும், உங்கள் கொப்பி நிற்காது. திருத்த வேண்டியிருந்தால் அடுத்த தவணை வரை காத்திருக்காமல் அன்றே சட்டத்தரணியிடம் காட்டுங்கள்.

தொலைபேசி இலக்கத்தையோ முகவரியையோ மாற்றினால், அந்த வாரத்திலேயே சட்டத்தரணியின் அலுவலகத்துக்குப் போய், உங்கள் கோவையின் அட்டையில் புதிய இலக்கத்தை எழுதுவித்து, அதை உங்கள் கண்ணால் பார்த்துவிட்டு வாருங்கள்.